மூன்று ஜோடி கிளவுஸ்

காலை ஐந்தே முக்கால். பாசிர் ரிஸில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்கின் கீழே, கோப்பிக்கடையின் பின்வாசலில் லாரி நிற்கிறது. டிரைவர் ஒரு பெட்டியை இடது கையால் இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். வலது கையை வாய்க்குக் கொண்டுபோய், நடுவிரல் நுனியில் கிளவுஸைப் பல்லால் கவ்வி உருவுகிறார். அதை வாயிலேயே தொங்கவிட்டபடி கைபேசியை எடுத்து, கடைக்காரரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார். பிறகு கிளவுஸை மாட்டிக்கொண்டு, சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்புகிறார்.

"கோழித் தண்ணி" என்றார் என்னிடம். "ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இதைக் கடிக்கிறேன் தம்பி. பதினொரு வருசமா."

பொங்கலுக்கு முந்தின வாரம் அது. இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரையெல்லாம் ஈரம், காற்றெல்லாம் புழுக்கம். என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவரோ தடித்த ஜாக்கெட், காதை மூடும் குல்லாய், பூட்ஸ் என்று ஏதோ பனிமலைக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றார். நாசி லெமாக் வாங்க வந்த பெரியவர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

'சிங்கப்பூரில் குளிர் கையுறையைப் பற்றியா முகப்புக் கட்டுரை?' என்று அலுவலகத்திலேயே சிரித்தார்கள். நியாயம்தான். நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரி வடக்கே கிடக்கிற ஊர். வெப்பமானி 19 டிகிரிக்குக் கீழே போன நாள் என்று ஒன்று வானிலைப் பதிவேட்டில் இல்லை. கொடைக்கானல்காரர் கேட்டால் அதைக் கோடை என்பார். ஆனால் இந்த ஊர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பிரேசில் கோழி, ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சி, இந்திய எருமை இறைச்சி, எங்கெங்கிருந்தோ வரும் மீன், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு. அதில் பெரும்பங்கு கப்பலில் கன்டெய்னருக்குள் மைனஸ் 18 டிகிரியில் உறைந்து வருகிறது. குளிர்காலம் இங்கே வானத்திலிருந்து இறங்குவதில்லை, பெட்டி பெட்டியாக இறங்குகிறது. அதை யாராவது கையால் தூக்கித்தான் ஆக வேண்டும்.

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இது ஊருக்கே கொஞ்சம் புரிந்தது. அதுவரை உயிரோடு ஜொகூர் பாலம் தாண்டி வந்த கோழிகள் நின்றுபோக, கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் உறைந்த கோழி பக்கம் திரும்பினார்கள். சுவை போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள், செய்தித்தாள்களும் எழுதின. பெட்டி தூக்கியவர்களின் விரலைப் பற்றி யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

டிரைவர் ஜொகூர் பாருக்காரர். பேர் வேண்டாம் என்றார், அண்ணே என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறார். மூன்று மணிக்கு ஜூரோங் மீன்பிடித் துறைமுகச் சாலைப் பக்கம், வரிசையாகக் குளிர்கிடங்குகள் இருக்கிற இடத்தில், சரக்கு ஏற்றுகிறார். முதல் நிறுத்தம் தேக்கா. பிறகு தீவின் குறுக்கே ஓடி, கிழக்குக் கோடியில் பாசிர் ரிஸ், லோயாங். ரயில்பாதையே முடிகிற இடம். சரக்கு இறக்க உதவிக்கு ஒரு பையன் உண்டு. மலாயில் கெலிண்டான் என்பார்கள். அவன் அன்றைக்கு வரவில்லை. அந்த இடத்தில் நான் போனேன். போனதற்குக் கூலியும் கிடைத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் ஜப்பான் பயணத்துக்காக வாங்கிய பனிக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. ஹொக்கைடோவில் மைனஸ் பத்தில் ஒரு வாரம் என்னைக் காப்பாற்றிய சாமான். தலையணை மாதிரி தடிமன். 'இதைவிடச் சிறந்தது என்ன இருக்க முடியும்?' என்ற மிதப்போடு மாட்டிக்கொண்டு லாரியின் பின்பெட்டிக்குள் ஏறினேன். அண்ணே ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நிறுத்தம் சுகம். மூன்றாவதில் உள்ளே கை பிசுபிசுத்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து மேடேறிக் கடை வரைக்கும் தள்ளுகிற எட்டு நிமிடத்தில் உள்ளங்கை வேர்த்துக் கொட்டுகிறது. அந்த வேர்வையோடு திரும்ப மைனஸ் 18-க்குள் கையை விடுகிறேன். ஐந்தாவது நிறுத்தத்தில் விரல் நுனிகள் ஊசி குத்துவது போல் வலித்தன. வெறுங்கையோடு இருந்திருந்தால் இவ்வளவு வலிக்காதோ என்று தோன்றியது. ஆறாவதில், உறைந்த பரோட்டாப் பெட்டி ஒன்றின் விளிம்பு கைக்குத் தட்டுப்படவேயில்லை. பிடித்துவிட்டேன் என்று நினைத்துத் தூக்கினேன். பெட்டி நழுவி என் காலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. கல்லில் கல் விழுந்த சத்தம்.

"நல்ல கிளவுஸ்தான் தம்பி" என்றார் அண்ணே. "பனிச்சறுக்கு விளையாடலாம்."

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். இந்த ஊர் டிரைவருக்கு எதிரி குளிர் அல்ல. ஈரம்.

ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் வெள்ளையாய் ஒரு புகை தரையோடு தவழ்ந்து வருமே, அதைக் குளிர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது நம் காற்றில் இருந்த ஈரம்தான். சிங்கப்பூர்க் காற்று 24, 25 டிகிரிக்கு இறங்கினாலே நீரைக் கக்கிவிடும், அவ்வளவு ஈரப்பதம். ஐஸ்காப்பி டம்ளர் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மைனஸ் 18-இல் இருந்த அட்டைப்பெட்டி வெளியே வந்ததும் அதன் மேல் வெண்பொடி படர்கிறது, கொஞ்ச நேரத்தில் அது நீராகிச் சொட்டுகிறது. பெட்டியைத் தொட்ட கையுறையும் நனைகிறது. இது வெளியிலிருந்து வரும் தண்ணீர். உள்ளேயிருந்து வேர்வை. நடுவில் பாவம், அந்தப் பஞ்சு.

பஞ்சோ கம்பளியோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. தண்ணீர் காற்றைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். தடித்த கையுறை அதிகத் தண்ணீரைக் குடிக்கும், காய அதிக நேரம் எடுக்கும். நோர்வேயில் மீன் ஏற்றுகிறவரின் கை நாளெல்லாம் குளிரிலேயே இருக்கிறது. அவருக்குத் தடித்தது சரி. இங்கே நாலு நிமிடம் மார்கழிப் பனி, எட்டு நிமிடம் சித்திரை வெயில், திரும்பவும் பனி. காலையில் இருபத்தைந்து முறை பருவம் மாறுகிறது.

விரல் மரத்துப்போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. விரல்தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுட்பமான வேலை தடுமாறும். பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, கைபேசியில் எழுத்தைத் தொடுவது எல்லாம் பிசகும். 8 டிகிரியை நெருங்கினால் தொடுகிற உணர்வே மங்கிவிடும். பெட்டி நழுவுவது அப்போதுதான். பன்னிரண்டு, பதினைந்து கிலோ பாறை காலில் விழுவதும் அப்போதுதான். கையுறையைக் கைக்காக வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், கடைசியில் காப்பாற்றப்படுவது கால் விரல்.

அன்று மத்தியானமே அண்ணே சொன்ன வழியில் ஜாலான் புசாருக்குப் போனேன். இரும்புச் சாமான், குழாய், பூட்டு என்று வரிசையாகக் கடைகள் உள்ள தெரு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். போகிற வழியில் சுங்கை ரோடு. 2017 ஜூலை 10 வரை அங்கே பழைய சாமான் சந்தை நடந்தது, 'திருடர் சந்தை' என்று பேர். அந்த இடத்துக்குச் சீனர்கள் ஹொக்கியனில் வைத்திருந்த இன்னொரு பேருக்கு 'உறைபனிப் பாலம்' என்று பொருள். பக்கத்தில் ஐஸ் ஆலை இருந்ததால் வந்த பேர். நம்மவர்கள் திருவல்லிக்கேணியில் 'ஐஸ் ஹவுஸ்' என்று சொல்வது போலத்தான். சென்னையின் அந்த வட்டக் கட்டடத்தை 1842-இல் கட்டியது, பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏரிப் பனிக்கட்டி கொண்டுவந்து விற்ற டூடர் கம்பெனி. பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் பேர் மாறியது, ஆட்டோக்காரர் வாயில் மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். சிங்கப்பூரில் 1903-இல் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சி வரவழைத்து விற்றது. வெப்ப ஊர்களுக்குக் குளிரை விற்பது பழைய வியாபாரம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கூலிக்காரர்கள் கையில் என்ன சுற்றியிருந்தார்கள் என்பதை எந்த நினைவுக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை.

கடைக்காரர் வயதான சீனர். கிளவுஸ் வேண்டும் என்றதும் "ஃப்ரீசரா, சில்லரா?" என்றார். நான் விழித்தேன். உறைந்த சரக்குக்கா, பால், காய்கறி மாதிரி 0-விலிருந்து 4 டிகிரிக்குள் இருக்கும் சரக்குக்கா என்று கேட்கிறார். முதல் கேள்வியே அதுதான், விலை அல்ல. சில்லர் சரக்குக்கு மெல்லிய கையுறை போதும். அதற்கும் ஃப்ரீசர் கையுறையைப் போட்டால் வேர்வைதான் மிச்சம்.

அவர் எடுத்துப் போட்டதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டுப் பக்கம் கேடயம் மாதிரி ஒரு கட்டம், அதற்குள் பனிப்பூ, கீழே மூன்று எண்கள். இதுதான் இஎன் 511, குளிருக்கான ஐரோப்பியத் தரக்குறி. நம் ஊர்க் கடைகளிலும் இதுதான் புழங்குகிறது. பலரும் இதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் எண், சுற்றியிருக்கும் குளிர்காற்றை எவ்வளவு தடுக்கும் என்பது. இரண்டாவது, குளிர்ந்த பொருளை நேரே தொட்டுப் பிடிக்கும்போது எவ்வளவு தடுக்கும் என்பது. இரண்டும் 0 முதல் 4 வரை. மூன்றாவது எண் 0 அல்லது 1. தண்ணீர் உள்ளே போகுமா போகாதா, அவ்வளவுதான். எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனையே செய்யவில்லை என்று அர்த்தம்.

என் கணக்கில், பெட்டி தூக்குகிறவர் முதல் எண்ணில் மயங்கக் கூடாது. அது காற்றில் நிற்கிறவருக்கு. இவர் உறைந்த பெட்டியைக் கட்டிப் பிடிக்கிறவர், இரண்டாவது எண்தான் இவருக்குச் சோறு போடும். 2 இருந்தால் தாராளம். மூன்றாவதில் 1 இருந்தால் பெட்டித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் வேர்வையும் வெளியே போகாது. இதில் அண்ணேவும் நானும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு உள்ளங்கையும் விரலும் மட்டும் ரப்பர் பூசி, புறங்கை வெறும் பின்னலாக இருக்க வேண்டும். "மேல் பக்கம் மூச்சு விடணும் தம்பி." முழுக்கப் பூசியது மீன்காரர்களுக்குத்தான் என்பது அவர் கட்சி. ஒரு வாரம் போட்டுப் பார்த்தபின் நானும் அவர் கட்சிக்கே வந்துவிட்டேன்.

பனிப்பூவுக்குப் பக்கத்தில் சுத்தியல் படம் போட்ட இன்னொரு கட்டம் இருக்கும். அது இஎன் 388. தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து என்று வரிசையாக எண்கள். அட்டைப்பெட்டி பார்க்கச் சாது, ஆனால் ஈர அட்டை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். முதல் எண் 3-க்குக் குறைந்தால் ஒரு மாதத்தில் ஆள்காட்டி விரலில் ஓட்டை விழும் என்றார் கடைக்காரர்.

அளவு? கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். 8 அங்குலம் வந்தால் 8-ஆம் நம்பர், 9 வந்தால் 9. இவ்வளவு எளிதான கணக்கு செருப்புக்குக்கூடக் கிடையாது. உள்ளே மெல்லிய உள்ளுறை போடுவதாக இருந்தால் ஒரு நம்பர் கூட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கமாக இருந்தால் ரத்தம் விரல் நுனிக்குப் போகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் விரல் மரத்துத்தான் போகும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னார் கடைக்காரர். ஐம்பது காசு வந்தது. பத்துக் காசு வரவில்லை. "ஐம்பது போதும்" என்றார்.

பூச்சு எதில் என்பதுதான் பெரிய வழக்கு. பிவிசி மலிவு, ஆனால் குளிரில் விறைத்துக் காய்ந்த வாழைமட்டை மாதிரி ஆகிவிடும். நைட்ரைல் என்பது செயற்கை ரப்பர். எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் அசைந்து கொடுக்காது. லேட்டக்ஸ் நம் இயற்கை ரப்பர். மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான் கண்ணாடி போல் இறுகும், எனவே ஃப்ரீசரில் மெத்தென்று வளையும். ஈர அட்டையை அது பிடிக்கிற பிடியே தனி.

லேட்டக்ஸைப் பற்றிப் பேசும்போது அண்ணே கிளவுஸை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கம்மா வாசம்" என்றார். அவர் அம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே ரப்பர் மரத்துக்குப் பேரே பால்மரம்தான். விடிவதற்கு முன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரத்தைச் சீவி, மங்கில் பால் எடுத்தவர்கள். அந்த மரத்தின் கதையும் சிங்கப்பூரில்தான் தொடங்குகிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கே தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888-இல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, கிடைக்கிற தோட்டக்காரர் பையில் எல்லாம் ரப்பர் விதையைத் திணித்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். பின்னால் மலாயா முழுக்கப் பால்மரம், அதற்குக் கீழே கப்பலில் வந்த தமிழ்ச் சனம். இன்றைக்கு உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்புகிற நாடு மலேசியா.

ஆனால் அம்மா வாசம் இறைச்சிக்கு ஆகாது. விலங்குக் கொழுப்பு பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, பிசுபிசுத்துப்போகும். கோழிக் கொழுப்பில் லேட்டக்ஸ் கிளவுஸ் மூன்றே வாரம்தான் தாங்கியது என்றார் அண்ணே. சிலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமையும் உண்டு, கையெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அதனால் அவருடைய ஏற்பாடு இப்படி: கோழிக்கும் ஆட்டுக்கும் நீல நைட்ரைல். ஐஸ்கிரீம், பரோட்டா, பட்டாணிக்கு ஆரஞ்சு லேட்டக்ஸ். நிறம் வேறாக இருப்பதால் பச்சைக் கோழி பிடித்த கை ஐஸ்கிரீம் பெட்டியைத் தொடாது, சுத்தத்துக்கும் அதுதான் வழி. மூன்றாவது ஜோடி எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். எந்த ஜோடி நனைகிறதோ அது இறங்கும், காய்ந்தது ஏறும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் கையுறை மாற்றுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நான் நம்பினேன்.

உள்ளே போட எது? மலிவான வெள்ளைப் பருத்திக் கிளவுஸைத்தான் பலர் உள்ளுறையாகப் போடுகிறார்கள். டஜன் கணக்கில் கிடைக்கும், எந்தக் கட்டுமானத் தளத்திலும் கிடக்கும். என்னைக் கேட்டால் அதைப் போல் கெடுதல் இல்லை. பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. மெல்லிய கம்பளியோ, துவாலை மாதிரி சுருள் வைத்த அக்ரிலிக்கோ நல்லது. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும்.

பல்லால் கடிக்கிற விஷயத்துக்கு வருவோம். கைபேசித் திரை, விரல் மின்சாரத்தைக் கடத்துவதை உணர்ந்து வேலை செய்வது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. விரல் நுனியில் மின் கடத்தும் நூல் வைத்துத் தைத்த கிளவுஸ் கடைகளில் இருக்கிறது. காய்ந்திருக்கும்வரை நன்றாகவே வேலை செய்கிறது. திரையில் ஒரு சொட்டு நீர் பட்டால் அது பாட்டுக்கு வேறு எதையோ அழுத்தும். ஒரு முறை என் கையிலேயே 'சரக்கு திருப்பி அனுப்பப்பட்டது' என்று பதிவாகி, கடைக்காரரைச் சமாதானம் செய்யப் பத்து நிமிடம் ஆனது. அண்ணேவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அதைவிட எளிமையான ஒன்று: இருபது காசு நாணயம் அளவு முனையுள்ள எழுதுகோல். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் பல்லுக்கு ஓய்வு. நாலாம் நாள் அது எங்கேயோ விழுந்துவிட்டது.

இதெல்லாம் பெரிய குளிர் இல்லை, இதைவிட மோசமானதும் இந்தக் கிழக்குக் கரை வழியாகப் போகிறது. 2020 டிசம்பர் 21 இரவு, ஃபைசர் தடுப்பூசியின் முதல் தொகுப்பு பிரஸ்ஸல்ஸிலிருந்து சாங்கியில் இறங்கியது. மைனஸ் 70 வாக்கில் வைக்க வேண்டிய மருந்து. இப்படிப்பட்ட சரக்கைக் குளிர வைப்பது உலர்பனி, அது மைனஸ் 78.5. அதைத் தொட இறுக்கமான கையுறை கூடவே கூடாது. தொளதொளவென்று இருக்க வேண்டும். துண்டு ஒன்று உள்ளே விழுந்துவிட்டால் கையை உதறினதும் கிளவுஸ் கழன்று போகவேண்டும். நம் அண்ணேவின் 9-ஆம் நம்பர் அங்கே ஆபத்து.

உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது ஊரறிந்தது. 2016-இல் அரசாங்கமே நீரிழிவின் மீது போர் என்று அறிவித்தது. நாள்பட்ட நீரிழிவு நரம்பை மந்தமாக்கும். பாதத்தில் தொடங்கிக் கைக்கும் வரும். அப்படிப்பட்டவருக்குக் குளிர் வலிக்காது. வலிக்காததை அவர் தன் உறுதி என்று நினைத்துக்கொள்வார். 'எனக்குக் கிளவுஸே வேண்டாம், பழகிப்போச்சு' என்று பெருமையாகச் சொல்கிற ஐம்பது வயதுக்காரரைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. விரல் வெளுத்து, மெழுகு மாதிரி ஆகி, பிறகு சிவந்து எரிகிறது என்றால் பாலிகிளினிக்கில் காட்ட வேண்டும், தைலம் தேய்த்துவிட்டு அடுத்த டிரிப் போகக் கூடாது.

கிளவுஸை யார் வாங்கித் தருவது? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது. 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆபத்தை முன்கூட்டியே எடைபோட்டு, முடிந்தவரை அதைக் குறைப்பது முதலாளியின் கடமை. நான் பேசிய டிரைவர்கள் எல்லாரும் கம்பெனி கிளவுஸ் தருகிறது என்றே சொன்னார்கள். ஒரு ஜோடி. கிழிந்தால் கிழிந்ததைக் காட்டி இன்னொரு ஜோடி. ஏட்டில் எல்லாம் சரி. ஆனால் இருபத்தைந்து முறை நனைகிற வேலையில் ஒரு ஜோடி என்பது முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் கிளவுஸ், அதன் பிறகு ஈரத்துணி. மிச்ச இரண்டு ஜோடியை அண்ணே தன் காசில் வாங்குகிறார். நான் வாங்கிய ஜோடி பன்னிரண்டு வெள்ளி. ஒரு பெட்டி கோழி கீழே விழுந்து உடைந்தால் அதைவிட அதிகம் நஷ்டம், இதைக் கணக்குப் பிள்ளை யாராவது போட்டுக் காட்டினால் நல்லது.

உணவு விநியோக மோட்டார் சைக்கிள்காரர்கள் கதை வேறு. பாசிர் ரிஸில் இரவு எட்டு மணிக்கு ஒயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதிப் பக்கம் நின்றால் வரிசையாகப் பார்க்கலாம். அவர்கள் கையுறை வெயிலுக்கு, பிடிமானத்துக்கு, விழுந்தால் தோல் உரியாமல் இருப்பதற்கு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில், நனைந்த கையோடு விரைவுச்சாலையில் எழுபதில் போனால் 24 டிகிரியிலும் விரல் விறைக்கும். பிரேக்கைப் பிடிக்கிற விரல் அது. அங்கேயும் பாடம் ஒன்றுதான்: இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் காய்ந்த ஜோடி ஒன்று. 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த தளவழி ஊழியர் சட்டம் அவர்களுக்கு வேலைக்காய இழப்பீடு தருகிறது. உலர்ந்த கையுறையை எந்தச் சட்டமும் தராது. அண்ணேவே பாலம் தாண்டும்போது இவர்களில் ஒருவர்தான். அதற்கு அவரிடம் தோல் கிளவுஸ் தனியாக இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசி இறக்கம் லோயாங்கில். காலை ஒன்பதரை. அண்ணே டிரைவர் அறையின் கதவைத் திறந்து வைத்து, சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றில் கிளவுஸை ஒவ்வொன்றாக உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துணிக்கிளிப்பில் மாட்டினார். விரல்களை ஊதி விரித்தார். எஞ்சின் மேல் போட்டால் சீக்கிரம் காயுமே என்றேன். போன வருடம் அப்படிப் போட்ட ஜோடியைக் காட்டினார். உள்பஞ்சு சுருங்கி, பூச்சு வெடித்து, கருவாடு மாதிரி இருந்தது. எச்சரிக்கைக்காக வைத்திருக்கிறாராம்.

பத்தே முக்காலுக்கு ஜூரோங்கில் லாரியை விட்டுவிட்டு, வேலை முடிந்ததைப் பதிய வாசலில் இருந்த விரல்ரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. விரல் நுனி நெல்லிக்காய் வற்றலாய்ச் சுருங்கியிருந்தது, ரேகையே தெரியவில்லை. வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதி, கால்சட்டையில் அழுத்தித் தேய்த்து, இன்னொரு முறை.

சிவப்பு.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்று கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சூடேறணும்."